பாய்சன்பெரி: கன்று நடுவதிலிருந்து ஜாம் போடுவது வரை

பாய்சன்பெரி என்ற படர்கொடிப் பழச்செடியை வைத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் அதிகம் கேட்கும் கேள்வி இது: "கொடி நல்லா ஓடுது, பழம் மட்டும் ஏன் இல்லை?" இதற்கு மண்ணோ உரமோ காரணமாக இருப்பது அபூர்வம். அடுத்த கோடையில் காய்க்க வேண்டிய கொடியைக் குளிர்காலத்தில் வெட்டி எறிந்திருப்பார்கள். அல்லது பந்தல் போடாமல் நட்டுவிட்டு, பழைய கொடியும் புதுக்கொடியும் ஒன்றோடொன்று பின்னி, எது எது என்று தெரியாத நிலைக்கு வந்திருப்பார்கள். இரண்டும் வரிசை தவறியதால் வரும் தவறுகள்தான். அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதற்கே இங்கே கூடுதல் இடம்.

மாதக் கணக்கு அமெரிக்க மேற்குக் கரையில் உள்ள கலிஃபோர்னியா, ஒரேகான், வாஷிங்டன் மாநிலங்களின் பருவத்துக்கானது. இந்தப் பழம் பிறந்த இடம் கலிஃபோர்னியா. இன்று உலகிலேயே அதிகம் விளைவது நியூசிலாந்தில், குறிப்பாக நெல்சன் வட்டாரத்தில். அங்கே இருப்பவர்கள் எல்லா மாதங்களையும் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் முயற்சி செய்ய வேண்டாம். மொட்டு உறக்கம் கலைய, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நூறு மணி நேரமாவது குளிர் வேண்டும்.

## 1. இது எப்படிப்பட்ட செடி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ராஸ்பெரி, பிளாக்பெரி, லோகன்பெரி, தரையில் படரும் டியூபெரி ஆகியவை கலந்த கலப்பினம் இது. ருடால்ஃப் பாய்சன் என்பவர் 1920களில் கலிஃபோர்னியாவில் உருவாக்கி, பிறகு கைவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் டாரோவும் ப்யூனா பார்க் விவசாயி வால்டர் நாட்டும் தேடிப்போய், களைக்குள் வாடிக்கிடந்த சில கொடிகளை மீட்டார்கள். நாட் அதை வளர்த்தெடுத்து 1930களில் விற்பனைக்குக் கொண்டுவந்து, உருவாக்கியவர் பெயரையே பழத்துக்கு வைத்தார்.

இந்தக் கலப்பு வளர்ப்பவருக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது.

முதலாவது, இது படரும் கொடி. தானாக நிமிர்ந்து நிற்காது, பந்தல் வேண்டும்.

இரண்டாவது, வேர் பல்லாண்டு இருக்கும், ஆனால் ஒவ்வொரு கொடிக்கும் ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டு அது ஓடி நீளும், இலை மட்டும் விடும். இரண்டாம் ஆண்டு பக்கக் கிளை விட்டுப் பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். அந்த நேரத்திலேயே தூரிலிருந்து அடுத்த ஆண்டுக்கான கொடிகள் கிளம்பும். கீழே "புதுக்கொடி" என்றால் முதல் ஆண்டுக் கொடி, "காய்க்கொடி" என்றால் இரண்டாம் ஆண்டுக் கொடி. இந்தப் பாகுபாடு மனதில் நின்றுவிட்டால் கவாத்தில், அதாவது கொடிகளை வெட்டிச் சீராக்குவதில், பாதித் தவறு குறையும்.

மூன்றாவது, விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடி போல வராது. மரபுக் கூறுகளைச் சுமக்கும் குரோமோசோம் சாதாரண ராஸ்பெரிக்கு 14, இதற்கு 49. ஒற்றைப்படை என்பதால் விதையில் அது சமமாகப் பிரியாது. பதியம் போட்ட கன்றாகத்தான் வாங்க வேண்டும்.

லோகன்பெரி, டேபெரி, மேரியன்பெரி வைத்திருப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம், எல்லாம் ஒரே குடும்பத்துப் படர்கொடிகள்தான். ஜோஸ்டாபெரி மட்டும் வேறு. அது கருப்புக் கரன்ட்டும் கூஸ்பெரியும் சேர்ந்த புதர்ச்செடி. அதற்குப் பந்தலும் வேண்டாம், இந்தக் கவாத்தும் பொருந்தாது. "கலப்பினப் பெரி" என்று கடையில் ஒரே அலமாரியில் வைத்திருப்பதைப் பார்த்து, இரண்டையும் ஒரே மாதிரி வெட்டிவிடாதீர்கள்.

## 2. கன்று வாங்கும் முன் பார்க்க வேண்டிய இடமும் மண்ணும்

ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். நிழலில் கொடி நீளும், ஆனால் பூ குறையும், இலை காயத் தாமதமாகிப் பூஞ்சை பிடிக்கும். உள்நாட்டுப் பகுதிகளில் பிற்பகல் வெயில் கடுமையாக அடிக்கும் இடமென்றால், மாலை நிழல் கொஞ்சம் இருப்பது பழத்துக்கு நல்லது.

கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தில் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய், ஸ்ட்ராபெரி இவற்றில் எதுவும் வளர்ந்திருக்கக் கூடாது. இவற்றைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் பூஞ்சை மண்ணிலேயே தங்கி இந்தச் செடியின் வேரையும் பிடிக்கும். பக்கத்தில் காட்டுப் பிளாக்பெரிப் புதர் இருந்தால் நோய் அங்கிருந்துதான் வரும். வேரோடு எடுத்துவிடுங்கள்.

வடிகால் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியில் அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அந்த மண்ணில் நேரடியாக நடக் கூடாது. ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி நடுங்கள். குளிர்கால மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும், அது வெளியே தெரிவதோ அடுத்த வெயில் காலத்தில் கொடி வாடும்போதுதான். அப்போது செய்ய ஒன்றும் இருக்காது.

மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். இதற்கு மேல் போனால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்போ கந்தகமோ சேர்க்க வேண்டியிருந்தால் நடுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவிடுங்கள், மண்ணில் வேலை செய்ய மாதக்கணக்காகும். மக்கிய தொழு உரத்தையும் அப்போதே கிளறிவிடலாம். புது எரு வேண்டவே வேண்டாம்: இளவேரைச் சுட்டுவிடும், களை விதையையும் கொண்டுவரும்.

முள்ளில்லாத வகையா, முள் வகையா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் கைக்கும் முள்ளில்லாதது சுகம். ஆனால் பழைய முள்ளில்லா வகையில் முள்ளற்ற தன்மை மேல்தோலில் மட்டும்தான் இருக்கும், உள்ளே முள்ளுள்ள திசுதான். வேரைக் களைவெட்டி காயப்படுத்தினால் அங்கிருந்து கிளம்பும் துளிரில் முள் இருக்கும். அப்படி வந்ததை உடனே பறித்து எறியாவிட்டால் சில ஆண்டுகளில் அதுவே செடியை ஆக்கிரமித்துவிடும்.

## 3. பந்தல் முதலில், கன்று பிறகு

"முதல் ஆண்டு பழம் வராதே, பந்தலை மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பது இயல்பு. அது கூடாது. முதல் கோடையிலேயே கொடி மூன்று, நான்கு மீட்டர் ஓடிவிடும். தரையில் ஓடிய கொடியின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு, அங்கே ஒரு புதுச்செடி கிளம்பும். பிறகு குழி தோண்டிக் கம்பம் நட்டால் வேரும் காயப்படும்.

தேவையானவை இவை: 2.4 மீட்டர் நீளக் கம்பங்கள், துருப்பிடிக்காத 12 கேஜ் கம்பி, கம்பியை முறுக்கி இறுக்கும் திருகுக் கருவி, வரிசையின் இரு கோடியிலும் முட்டுக்கட்டை. கம்பத்தை 60 செ.மீ. ஆழம் புதையுங்கள். கம்பத்துக்குக் கம்பம் 6 மீட்டருக்கு மேல் போக வேண்டாம், பழமும் ஈர இலையும் சேர்ந்தால் எடை அதிகம், நடுவில் கம்பி தொய்யும்.

மேல் கம்பி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில். இரண்டாவது கம்பி அதற்கு 45 செ.மீ. கீழே. இந்த இரண்டே போதும். மூன்று, நான்கு கம்பி கட்டினால் கொடிகள் குறுக்கும் நெடுக்கும் பின்னி, அறுவடைக்குப் பின் வெட்டி இழுப்பது பெரும்பாடு.

சுவரையோ வேலியையோ ஒட்டி நடுபவர்கள் குறைந்தது 45 செ.மீ. இடைவெளி விட்டுக் கம்பி கட்டுங்கள். பின்பக்கம் காற்றோட்டம் இல்லாத கொடியில்தான் சாம்பல் பூஞ்சை முதலில் வரும்.

## 4. நடவு

தொட்டியும் மண்ணும் இல்லாமல் வேரைச் சுற்றிக் கட்டி வரும் கன்றுகளைக் கலிஃபோர்னியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை, ஒரேகானிலும் வடக்கேயும் மண் கையில் உதிரும் நிலைக்கு வந்ததும் வசந்தத் தொடக்கத்தில் நடுங்கள். தொட்டிக் கன்று என்றால் கடைசிப் பனி போன பிறகு.

கன்று வந்ததும் வேரைப் பாருங்கள். தூரிலோ வேரிலோ சொரசொரப்பான கட்டி இருந்தால் அது கழலை நோய். அந்தக் கன்றை நடாதீர்கள், அந்தப் பாக்டீரியா மண்ணில் தங்கிவிடும். நல்ல கன்றை ஒன்றிரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒடிந்த வேர்களை மட்டும் நறுக்குங்கள். வேரை வெயிலில் ஐந்து நிமிடம்கூடப் போட்டு வைக்க வேண்டாம், ஈரச்சாக்கில் சுற்றி வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

செடிக்குச் செடி 1.8 மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டரை முதல் மூன்று மீட்டர். கன்று சிறியதாக இருப்பதைப் பார்த்து ஒரு மீட்டருக்கு ஒன்று நடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றாம் ஆண்டில் ஒரு செடியின் கொடி அடுத்த செடியின் மேல் ஏறி, இரண்டிலும் வெயில் படாது.

வேர் மடங்காமல் விரியும் அளவுக்கு அகலமாகக் குழி எடுங்கள். தண்டும் வேரும் சேரும் இடமான தூர், தரை மட்டத்துக்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே இருக்கட்டும். அதற்கும் ஆழத்தில் நட்டால் துளிர் மண்ணுக்குள்ளேயே தவிக்கும். மேலே நட்டால் தூர் காயும். குழிக்குள் உரம் போடாமல் மண்ணைத் தள்ளி, காலால் மெதுவாக அழுத்தி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கன்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய தண்டை 15 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடலாம். அது அடையாளத்துக்குத்தான், பயன் தரப்போவது தூரிலிருந்து வரும் துளிர்.

கடைசியாக 8 செ.மீ. கனத்துக்கு மரத்தூளோ மரச்சில்லோ மூடாக்குப் போடுங்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மூடாக்கு வேண்டாம்.

## 5. முதல் ஆண்டு

இந்த ஆண்டு ஒரே வேலை, கொடியைத் தரையிலிருந்து தூக்குவது. புதுக்கொடி அரை மீட்டர் ஆனதும் கீழ்க்கம்பிக்கு ஒரு கயிறு கட்டி அதில் ஏற்றுங்கள். பிறகு மேல் கம்பிக்கு. சணல் கயிறோ துணிப்பட்டையோ போதும், எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். மெல்லிய கம்பியால் கட்டினால் தண்டு தடிக்கும்போது அறுக்கும்.

நுனியைக் கிள்ள வேண்டாம். நிமிர்ந்து வளரும் பிளாக்பெரிக்குச் சொன்ன குறிப்பைப் படித்துவிட்டு இதையும் இடுப்புயரத்தில் கிள்ளுபவர்கள் உண்டு. படர்கொடியில் பழமொட்டு கொடி நெடுக இருக்கும், நீளம் குறைந்தால் விளைச்சலும் குறையும்.

அந்த ஆண்டு பழம் இல்லையே என்று குளிர்காலத்தில் "காய்க்காத கொடி" என நினைத்து வெட்டிவிடாதீர்கள். அடுத்த ஜூலைப் பழம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

## 6. கவாத்தும் கட்டுதலும்

இந்தச் செடியில் கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்றால் இதுதான். மற்ற எதில் தவறினாலும் அடுத்த மாதம் சரிசெய்யலாம். இதில் தவறினால் ஓராண்டுப் பழம் போகும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரே தூரில் காய்க்கொடியும் புதுக்கொடியும் சேர்ந்தே இருக்கும். வேறுபடுத்துவது எளிது. காய்க்கொடியின் தண்டு பழுப்பேறி, பட்டை போன்று வறண்டிருக்கும், அதில் குட்டையான பக்கக் கிளைகளும் பழக் காம்புகளும் தெரியும். புதுக்கொடி பச்சையாக அல்லது செம்பச்சையாக, பக்கக் கிளை குறைந்து வழுவழுவென்று ஓடும். வேறுபாடு நன்றாகத் தெரியும் காலம் அறுவடை முடிந்த கையோடுதான். குளிர்காலத்தில் இரண்டும் இலையுதிர்த்து நிற்கும்போது பழகிய கண்ணே தடுமாறும்.

காய்க்கும் காலத்தில், அதாவது வசந்தத்திலும் கோடையிலும், புதுக்கொடிகளைக் காய்க்கொடியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வரிசையின் அடியிலேயே ஒரு பக்கமாகச் சேர்த்து, தரையோரம் படியவிடுங்கள். பறிக்கும்போது மிதிபடாமல் இருந்தால் போதும். இப்படிச் செய்தால் ஆகஸ்ட்டில் வெட்டும் வேலை பாதியாகும்.

கடைசிப் பழம் பறித்ததும், ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ, காய்த்து முடித்த கொடியைத் தரை மட்டத்தில் வெட்டுங்கள். ஓர் அடி குச்சி விட்டுவைத்தால் அது நோய்க்கும் தண்டுத் துளைப்பானுக்கும் வீடாகும். வெட்டியதை ஒரே இழுப்பில் உருவ வேண்டாம், புதுக்கொடி ஒடியும். பந்தலிலேயே துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். நறுக்கியதைச் செடிக்கடியில் மூடாக்காகப் போடாமல் தோட்டத்தை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது புதுக்கொடியைத் தேர்வு செய்வது. பென்சிலை விட மெலிந்தவை, ஒடிந்தவை, புள்ளி விழுந்தவை எல்லாம் போகட்டும். வீட்டுத் தோட்டத்தில் ஒரு தூருக்கு எட்டு முதல் பத்து கொடி அளவானது. இருபதை விட்டால் பழம் இரட்டிப்பாகாது, சிறுத்துப்போகும், நடுவில் இருப்பவை அழுகும்.

கட்டும் முறை இப்படி. கொடிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வலப்பக்கம், மறு பாதியை இடப்பக்கம் கொண்டுபோங்கள். மேல் கம்பியின் மேலாகப் போட்டு, செடிகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதி போனதும் கீழே வளைத்து, கீழ்க்கம்பி வழியாகத் தூரை நோக்கித் திருப்பிக் கொண்டுவாருங்கள். கம்பியை இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டால் கயிறே வேண்டியதில்லை. பார்க்க நீள்வட்டமான ஒரு வளையம் போல் இருக்கும். மதிய வெயிலில் செய்தால் கொடி சற்றே தளர்ந்து வளையும். குளிர்ந்த காலையில் அதே கொடி பட்டென்று முறியும்.

ஆகஸ்ட்டில் கட்டுவதா, பிப்ரவரியில் கட்டுவதா? குளிர் அதிகம் கடிக்காத இடத்தில் ஆகஸ்ட்தான். இலைகள் மேலே வந்து இலையுதிர் கால வெயிலை வாங்குவதால் மொட்டு திடமாகும், அடுத்த ஆண்டுப் பழமும் கூடும். குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே போகும் இடமென்றால், கொடிகளைத் தரையிலேயே படியவிட்டு, டிசம்பரில் வைக்கோல் மூடி, பிப்ரவரி இறுதியில் மொட்டு வீங்கும் முன் பந்தலேற்றுங்கள். மொட்டு வெடித்த பின் கட்டினால் கை பட்டே பாதி மொட்டு உதிரும். ஆகஸ்ட்டில் தவறவிட்டவர்கள் அக்டோபரில் அவசரமாகக் கட்டாதீர்கள். புதிதாக வளைத்த கொடி குளிருக்குப் பழகும் முன்னரே உறைபனியில் மாட்டும். பிப்ரவரி வரை பொறுங்கள்.

ஒரேகானில் பெரிய தோட்டக்காரர்கள் வேறொரு முறையும் வைத்திருக்கிறார்கள். ஓராண்டு காய்க்கவிட்டு, பிறகு தூரில் உள்ள எல்லாக் கொடியையும் வெட்டிவிட்டு, அடுத்த ஆண்டு முழுவதும் புதுக்கொடி மட்டும் வளரவிடுவது. வேலையும் நோயும் குறையும், ஆனால் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் பழம். நோய் ஓயாத தோட்டத்துக்கு இது நல்ல மருந்து. நாலைந்து செடி வைத்திருக்கும் வீட்டுக்கு அவசியமில்லை.

## 7. தண்ணீரும் உரமும்

கோடையில் வாரத்துக்கு 25 மி.மீ. நீர். ஒரு செடிக்கு 1.8 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் பாத்தி என்றால் வாரம் 45 லிட்டர். அதை இரண்டு மூன்று தவணையாகச் சொட்டுநீரில் கொடுங்கள். பழம் பருக்கும் வாரங்களிலும் கடும் வெயிலிலும் இதில் பாதியளவு கூட்டலாம். தெளிப்பு நீர் வேண்டாம்: பூவும் பழமும் நனைந்தால் பூஞ்சைதான் பலன்.

அறுவடை முடிந்ததும் நீரை நிறுத்திவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது அடுத்த ஆண்டுக்கான கொடி. செப்டம்பர் வரை தொடர்ந்து கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறையுங்கள்.

உரத்துக்கு 10-10-10 கலவை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) போதும். முதல் ஆண்டு, நட்டு ஒரு மாதம் கழித்து 50 கிராம், பிறகு மாதம் ஒருமுறை 50 கிராம் என மொத்தம் மூன்று தவணை. தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகத் தூவி நீர் விடுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து செடிக்கு மொத்தம் 300 கிராம். பாதி மொட்டு வெடிக்கும்போது, மீதி இரண்டு மாதம் கழித்து. ஜூலைக்குப் பின் தழைச்சத்து கொடுத்தால் கொடி முற்றாமல் பிஞ்சாகவே குளிருக்குள் நுழைந்து நுனி கருகும்.

## 8. பூவிலிருந்து பறிப்பு வரை

தன் மகரந்தமே போதும், ஒற்றைச் செடி வைத்தாலும் காய்க்கும். ஆனால் தேனீ வர வேண்டும். ஒவ்வொரு பழமும் பல சிறு மணிகள் சேர்ந்தது. மகரந்தம் சேராத சூல் மணியாகாது. பழம் அங்கங்கே பல் விழுந்தது போல் கோணலாக வந்தால் பூக்காலத்தில் மழையோ, தேனீ வராததோ, பூச்சிமருந்தோ காரணம். பறவை வலையைப் பூக்காலம் முடிந்து பழம் சிவக்கத் தொடங்கும்போதுதான் போட வேண்டும்.

ஒரேகானில் ஜூலை, தெற்குக் கலிஃபோர்னியாவில் மே மாதத்திலேயே பழம் வரும். நிறம் பச்சையிலிருந்து சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு, கடைசியில் கருமை கலந்த ஊதா. புதியவர்கள் கருஞ்சிவப்பிலேயே பறித்துவிட்டு, "புளிக்கிறது" என்பார்கள். பளபளப்பு மங்கி, விரலால் லேசாகத் தொட்டு இழுத்ததும் கையோடு வந்தால்தான் பழுத்தது. பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். ராஸ்பெரி போல் உள்தண்டு செடியில் தங்காது, பழத்தோடே வரும், அதையும் சேர்த்தே சாப்பிடலாம்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில் பனி காய்ந்ததும் வெயில் ஏறும் முன் பறியுங்கள். வாளி வேண்டாம், அகலமான தட்டு. பழத்தை மூன்று அடுக்குக்கு மேல் குவித்தால் அடியில் சாறு கசியும். கழுவாமல் குளிர்பெட்டியில் வையுங்கள், ஈரம் பட்டால் மறுநாளே பூஞ்சை. பெட்டியிலும் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கடையில் இந்தப் பழம் அபூர்வமாகக் கிடைப்பதற்கு இந்த மென்மைதான் காரணம். நன்றாகப் பராமரித்த, முதிர்ந்த செடியிலிருந்து பருவத்துக்கு 3 முதல் 4 கிலோ எதிர்பார்க்கலாம்.

## 9. எது கெடுக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது

அடிச்சாம்பல் நோய். பாய்சன்பெரிக்கு இதைத் தாங்கும் சக்தி குறைவு. இலையின் மேற்புறம் நரம்போரமாகக் கோணல் கோணலாகச் சிவப்பு அல்லது ஊதாத் திட்டு விழும். பழம் சாறேறாமல் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும்போதே காய்ந்து சுருங்கும். நீர் போதவில்லை என்று நினைத்து அதிக நீர் விட்டால் நோய் இன்னும் பரவும். அடர்த்தியைக் குறையுங்கள், தூரடிக் களையை நீக்குங்கள். செடி திடமாக இருந்தால் ஏப்ரலில் ஒரு சாண் உயரத்துக்கு வரும் முதல் துளிர்களை மொத்தமாக வெட்டிவிட்டு, அடுத்து வருவதை வளரவிடலாம். ஈர வசந்தத்தில் தொற்றுவது அந்த முதல் துளிர்தான்.

இரட்டைப் பூ நோய். நியூசிலாந்துத் தோட்டங்களில் பாய்சன்பெரியை நலியச் செய்தது இந்தப் பூஞ்சைதான். வசந்தத்தில் ஒரே கணுவிலிருந்து மெலிந்த துளிர்கள் கொத்தாகக் கிளம்பும், பூவின் புல்லி நீண்டு இலை போலாகும், பழம் பிடிக்காது. பூ விரியும் முன் அந்தக் கொத்தைக் கிள்ளிப் பையில் போட்டு அகற்றுங்கள். விரிந்த பூவிலிருந்துதான் வித்து பறந்து புதுக்கொடி மொட்டில் உட்காரும்.

வெயில் சூடு. வெளியே தெரியும் பழத்தில் சில மணிகள் மட்டும் வெளுத்துப்போகும். நோயல்ல. பிற்பகலில் நிழல்வலை போட்டால் சரியாகும், வெளுத்ததைச் சாப்பிடலாம்.

பழ ஈ. டிரோசோஃபிலா சுசூகி என்ற இந்த ஈ 2008இல் கலிஃபோர்னியாவில் தெரியவந்து, பிறகு மேற்குக் கரை முழுவதும் பரவியது. மற்ற பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இது பழுக்கும் பழத்தையே துளைத்து முட்டையிடும். ஒரு கோப்பை நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்துப் பழத்தைப் போட்டு 15 நிமிடம் பாருங்கள், வெள்ளைப் புழு இருந்தால் வெளியே வரும். அதிகம் பழுத்ததைச் செடியிலோ தரையிலோ விடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிப்பதும், பறித்ததை உடனே குளிர்விப்பதும்தான் வீட்டளவில் நல்ல தடுப்பு.

## 10. அடுத்த கன்றுக்கு நுனிப் பதியம்

ஆகஸ்ட் இறுதியில் சில புதுக்கொடிகளின் நுனியைக் கவனியுங்கள். இலை சிறுத்து, நுனி நீண்டு மெலிந்து எலிவால் மாதிரி ஆகும். அதுதான் பதமான காலம். அந்த நுனியைத் தலைகீழாக 10 செ.மீ. ஆழக் குழியில் விட்டு மண்ணை அழுத்துங்கள். முன்னதாகவே புதைத்தால் நுனி வேர்விடாமல் மறுபடி மண்ணுக்கு மேலே ஓடிவந்துவிடும்.

வசந்தத்தில் துளிர் வந்ததும் தாய்க்கொடியை 15 செ.மீ. விட்டு வெட்டி, வேரோடு தோண்டி நடுங்கள். நோய் கண்ட செடியிலிருந்து பதியம் எடுக்காதீர்கள். முள்ளில்லா வகையை வேர்த்துண்டிலிருந்து பெருக்கினால் முள்தான் வரும், நுனிப் பதியம் மட்டுமே சரி.

## 11. பழத்தை என்ன செய்வது

உறையவைத்தல். கழுவி, துணியில் ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவையுங்கள். கல்லாக இறுகிய பின் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். நேரடியாகப் பையில் போட்டால் ஒரே கட்டியாகும். ஓராண்டு வரை நல்ல சுவையோடு இருக்கும்.

ஜாம். ஒரு கிலோ பழம், 750 கிராம் சர்க்கரை, 30 மி.லி. எலுமிச்சைச் சாறு. பழத்தில் கால் பங்கு இன்னும் சிவப்பாக இருப்பதாகச் சேருங்கள், முழுதாகப் பழுத்ததில் பெக்டின் குறைவு, ஜாம் இறுகாது. விதை பெரியது. அது பிடிக்காதவர்கள் பழத்தைச் சூடாக்கி மசித்து, பாதியைச் சல்லடையில் தேய்த்து விதையை எடுத்துவிட்டு மீதியோடு சேர்க்கலாம். முழுவதையும் சலித்தால் ஜாமுக்குப் பிடிமானம் போய்விடும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பழப் புளிப்பு உலோகத்தோடு சேர்ந்து சுவையைக் கெடுக்கும். அகலமான ஸ்டீல் பாத்திரத்தில் முதலில் பழத்தைப் பத்து நிமிடம் வேகவைத்து, பிறகு சர்க்கரை சேர்த்துக் கரையவிட்டு, தீயைக் கூட்டிக் கொதிக்க விடுங்கள். கடல்மட்டத்தில் 104 டிகிரி வந்ததும் இறக்குங்கள். உயரமான ஊரில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கழுவிச் சுடவைத்த 250 மி.லி. கண்ணாடிக் குப்பிகளில் மேலே அரை செ.மீ. இடம் விட்டு நிரப்பி மூடி, குப்பி மூழ்கும் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். அளவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் செய்தால் கொதி நேரம் நீண்டு நிறம் பழுப்பாகும், இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

பை (pie). மாவு ஓட்டுக்குள் பழத்தை வைத்துச் சுடும் பண்டம். கலிஃபோர்னியாவில் இந்தப் பழத்தின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது இது. 23 செ.மீ. தட்டுக்கு 850 கிராம் பழம், 170 கிராம் சர்க்கரை, 40 கிராம் சோளமாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190 டிகிரியில் 40 நிமிடம். ஓரத்தில் குமிழ் வருவதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். நடுவிலும் குமிழ் வந்தால்தான் சோளமாவு வெந்து சாறு கெட்டிப்படும். எடுத்ததும் வெட்டினால் சாறு ஓடும், நான்கு மணி நேரமாவது ஆறவிடுங்கள். உறைந்த பழத்தைக் கரையவிடாமல் அப்படியே மாவோடு கலந்து போட்டு, 15 நிமிடம் கூடுதலாக வேகவிடலாம்.

ஐஸ்கிரீம் சாறு. நியூசிலாந்தில் பாய்சன்பெரி என்றதும் ஐஸ்கிரீமில் கோடுகோடாக ஓடும் ஊதாச் சாறுதான் நினைவுக்கு வரும். 500 கிராம் பழத்தை 150 கிராம் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, சல்லடையில் வடித்து, மறுபடி அடுப்பில் வைத்துப் பாதியாக வற்றவிடுங்கள். நன்றாக ஆறிக் குளிர்ந்த பிறகே ஐஸ்கிரீமில் விட்டு ஒன்றிரண்டு முறை மட்டும் கிளறுங்கள். சாறு நீர்த்திருந்தால் ஐஸ்கிரீமுக்குள் அது பனிக்கட்டி நரம்பாக உறையும், வற்றவைப்பது அதற்காகத்தான்.